படிக்க ஏலாத பிள்ளைகள் போகும் இடம் இல்லை அது

போன சனிக்கிழமை லில்லெஸ்ட்ரோமில் ஒரு பிறந்தநாள் விழா. சாப்பாட்டு வரிசையில் நின்றபோது தெரிந்த அன்ரி ஒருவர் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். மகளுக்குப் பதினைந்து வயது. பத்தாம் வகுப்பு.

"தம்பி, நீங்கள் ஐ.ரி.யிலதானே வேலை? மாஸ்டர்சும் முடிச்சனீங்கள். இவளுக்கு ஒருக்கா எடுத்துச் சொல்லுங்கோ. ஐ.ரி. படிக்கப் போறாவாம். அதுக்கு நான் ஒண்டும் சொல்லேல்ல. ஆனா அதை இர்க்கெஸ்ஃபாக்கில போய்ப் படிக்கப் போறாவாம். அது படிக்கேலாத பிள்ளையள் போற இடமல்லே?"

பிள்ளை தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் கேட்கக் கேட்கத்தான் மெதுவாகச் சொன்னாள். யாரோ எறிந்த பழைய லாப்டொப் ஒன்றில் லினக்ஸ் போட்டு, வீட்டுப் படங்கள் எல்லாவற்றையும் அதில் சேர்த்து, சேர்வராக ஓடவிட்டிருக்கிறாள். இரண்டு முறை பழுதாகி, இரண்டு முறையும் தானே திருத்தியிருக்கிறாள். அம்மாவுக்கு அது தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் "எந்த நேரமும் அறைக்குள்ள கொம்பியூட்டரோட" என்பதுதான்.

வரிசை நகர்ந்துவிட்டது. பின்னால் நின்றவர்களுக்குப் பசி. சொல்ல வேண்டியதை அங்கே சொல்லி முடிக்கவில்லை. மேல்நிலைப் பள்ளிக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாள் மார்ச் 1. அதற்குள் இதே கதை எத்தனை வீட்டில் நடக்கப்போகிறதோ. ஆகவே இங்கே எழுதுகிறேன். அக்காமார், அண்ணாமார், தம்பி, தங்கச்சிமார் எல்லோரும் படியுங்கள். முடிந்தால் அம்மா அப்பாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

முதலில், அது என்ன படிப்பு?

நம்மவர்களில் பாதிப் பேர் இந்தப் படிப்பைப் பற்றித் தெரியாமலே தீர்ப்புச் சொல்கிறார்கள். அதனால் விளக்கமாகவே சொல்கிறேன்.

நோர்வேயில் தொழிற்கல்வி பெரும்பாலும் இரண்டு கூட்டல் இரண்டு. இரண்டு ஆண்டு பள்ளியில், இரண்டு ஆண்டு ஒரு நிறுவனத்தில் லேர்லிங்காக, அதாவது சம்பளம் வாங்கும் பயிலுநராக. 1994-ல் வந்த கல்விச் சீர்திருத்தத்திலிருந்து இதுதான் அடிப்படை. கடைசியில் ஒரு செய்முறைத் தேர்வு வைப்பார்கள். அதில் சித்தியடைந்தால் ஃபாக்பிரேவ் என்ற தொழிற்சான்றிதழ் கிடைக்கும்.

எனக்குப் பதினாறு வயதானபோது, 2006-ல், இந்தத் துறைக்குப் பெயர் "ஐ.கே.டி. சேவை". கடை விற்பனையும் லொறிப் போக்குவரத்தும் இருந்த அதே பிரிவுக்குள் ஒரு மூலையில் அதைப் போட்டிருந்தார்கள். பெயரைப் பார்த்தால் பிரிண்டருக்குத் தாள் போடும் வேலை போலத்தான் இருந்தது. 2020 இலையுதிர் காலத்தில் அது மாறியது. "தகவல் தொழில்நுட்பமும் ஊடகத் தயாரிப்பும்" என்று தனியாக ஒரு கல்விப் பிரிவே வந்தது. முதலாம் ஆண்டு எல்லோருக்கும் பொது. இரண்டாம் ஆண்டில் தகவல் தொழில்நுட்பத்தைத் தெரிந்தால் மூன்று பாடங்கள் இருக்கும்: மென்பொருள் உருவாக்கம், இயக்க ஆதரவு, பயனர் ஆதரவு. அதற்குப் பிறகு இரண்டு தொழில்கள். ஒன்று ஐ.ரி. இயக்கம்: சேர்வர், வலையமைப்பு, பாதுகாப்பு, பக்கப். மற்றது ஐ.ரி. உருவாக்கம்: நிரல் எழுதுவது.

இப்போது மணித்தியாலக் கணக்கைப் பாருங்கள். தொழிற்கல்வியில் முதலாம் ஆண்டு துறைப்பாடங்களுக்கு 477 மணித்தியாலம், அதோடு தொழில்சார் ஆழப்படுத்தலுக்கு 168. இரண்டாம் ஆண்டு மீண்டும் 477, அதோடு 253. மொத்தம் 1375 மணித்தியாலம். இது நிறுவனத்துக்குள் கால் வைப்பதற்கு முன்பே. இனி ஸ்டூடியெஸ்பெஸ் எடுத்து, அதற்குள் ஐ.ரி. படிப்பதைப் பாருங்கள். அங்கே ஐ.ரி. 1, ஐ.ரி. 2 என்று இரண்டு விருப்பப் பாடங்கள். ஒவ்வொன்றும் 140 மணித்தியாலம். இரண்டையும் எடுத்தாலும் 280. முதலாம் ஆண்டில் ஒன்றுமே இல்லை.

ஆகவே, கணினியில் உண்மையாகவே ஆர்வமுள்ள ஒரு பிள்ளையிடம் "ஸ்டூடியெஸ்பெஸ் எடு, அதுதான் ஐ.ரி.க்கு நல்லது" என்று சொல்வது, நீந்த ஆசைப்படுகிற பிள்ளையை மூன்று வருடம் கரையில் இருந்து புத்தகம் வாசி என்று சொல்வது மாதிரி. புத்தகம் வாசிப்பது தப்பில்லை. ஆனால் அதை நீச்சல் என்று சொல்லாதீர்கள்.

அந்தத் தேர்வு என்ன கேட்கிறது?

"பாடமாக்கி எழுதத் தெரியாதவைக்குத்தானே செய்முறை" என்று ஒரு மாமா ஒருமுறை என்னிடம் சொன்னார். அவருக்காக இதையும் சொல்கிறேன்.

ஃபாக்பிரேவ் தேர்வில் ஒரு வேலையைக் கையில் தருவார்கள். முதலில் நீங்கள் திட்டம் எழுத வேண்டும்: எதை எப்படிச் செய்யப்போகிறேன், ஏன் அப்படி, எவ்வளவு நேரம் எடுக்கும். பிறகு செய்ய வேண்டும். செய்ததை வேறொருவர் படித்து விளங்கக்கூடியதாக ஆவணப்படுத்த வேண்டும். கடைசியில் உங்கள் வேலையை நீங்களே மதிப்பிட வேண்டும்: எது சரிவந்தது, எது பிழைத்தது, மறுபடி செய்தால் எதை மாற்றுவேன். இது எல்லாம் முடிய, பார்த்துக்கொண்டிருந்த தேர்வாளர்கள் கேள்வி கேட்பார்கள்.

நான் ஐந்து ஆண்டு பொறியியல் படித்தவன். எண்ணிப்பார்க்க முடியாத அளவு தேர்வு எழுதியவன். "நீ செய்ததில் எது பிழை, ஏன்?" என்று ஒரு தேர்விலும் என்னிடம் கேட்கவில்லை. அந்தக் கேள்வியை முதன்முதலில் வேலைத்தளத்தில்தான் சந்தித்தேன். கேட்டவர் என்னைவிட மூன்று வயது இளையவர், ஃபாக்பிரேவ்காரர். நான் எழுதிய ஒரு மாற்றத்தால் ஒரு வாடிக்கையாளரின் அமைப்பு ஒரு பின்னேரம் முழுக்க விழுந்து கிடந்தது. எனக்கு வழிமுறைகளின் சிக்கலைக் கணக்குப் போடத் தெரியும். விழுந்த அமைப்பை எந்த ஒழுங்கில் எழுப்புவது என்று தெரியாது. அவருக்குத் தெரியும். பதறாமல் செய்தார். பிறகு என்னைப் பக்கத்தில் இருத்தி ஒவ்வொன்றாகக் காட்டினார். அன்று இரவு வீட்டுக்கு வரும்போது ரயிலில் எனக்கு வெட்கமாக இருந்தது. விழுத்தியதற்காக மட்டும் இல்லை. அவரைப் போன்றவர்களைப் பற்றி அதுவரை நான் என்ன நினைத்திருந்தேன் என்பதற்காகவும்.

அம்மா அப்பா ஏன் பயப்படுகிறார்கள்?

இந்த இடத்தில் பெற்றோரைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். நான் அதைச் செய்யப்போவதில்லை. அவர்களுடைய பயத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

இலங்கையில் 1970-களின் தொடக்கத்தில் தரப்படுத்தல் வந்தது. மருத்துவம், பொறியியல் பீடங்களுக்குப் போகத் தமிழ் மாணவர்கள் கூடுதல் புள்ளி எடுக்க வேண்டியிருந்தது. நல்ல புள்ளி எடுத்தும் ஒரு கூட்டம் பிள்ளைகள் கம்பஸ் வாசலில் நின்றுவிட்டார்கள். அங்கே ஏ.எல். பரீட்சை ஒரு ஒற்றைக் கதவு. உள்ளே போனால் எஞ்சினியர். போகாவிட்டால் "ரெக்குக்குப் போனவர்". அந்த ஒரு சொல்லில் எத்தனை பேருடைய வாழ்க்கையைச் சுருக்கிவிட்டோம் என்று யாரும் யோசிக்கவில்லை. தொழில்நுட்பக் கல்லூரி தோற்றவர்களுக்கு உரியது என்ற எண்ணம் அந்தக் காலத்தில் அடிமனதில் இறங்கிவிட்டது.

பிறகு இங்கே வந்தார்கள். வடக்கே ஃபின்மார்க்கில் மீன் வெட்டினார்கள். ஒஸ்லோவில் கட்டடம் துப்பரவாக்கினார்கள், உணவகத்தில் கோப்பை கழுவினார்கள். ஊரில் ஆசிரியராக இருந்தவரும் அதைத்தான் செய்தார். அந்த வலி எல்லாவற்றையும் ஒரு கணக்கில் போட்டு வைத்தார்கள்: என்ர பிள்ளை கையால் வேலை செய்யக்கூடாது. "தொழில்" என்று யாராவது சொன்னால் அவர்கள் காதில் அந்த மீன் தொழிற்சாலையின் சத்தம்தான் கேட்கிறது.

அது எனக்கு விளங்குகிறது. என் அப்பாவின் விரல்களில் குளிர் இன்னும் இருக்கிறது. ஆனால் விளங்குவது வேறு, சரி என்று சொல்வது வேறு. யாழ்ப்பாணத்தில் ஒரு கதவு இருந்தது, அது மூடப்பட்டது. இந்த நாட்டில் கதவு ஒன்றில்லை. மூடப்பட்ட ஒரு கதவின் நினைவை வைத்துக்கொண்டு, திறந்திருக்கிற நாலு கதவைப் பிள்ளைக்கு நாமே மூடலாமா?

இன்னொன்றையும் நாம் மறந்துவிட்டோம். நோர்வேக்கு வந்த முதல் தமிழர்களில் ஒருவர் அன்ரனி இராஜேந்திரம். 1956-ல் வந்தார். அவர் இங்கே மீன்பிடித் தொழிலைக் கற்றார். பிறகு சீ-நோர் என்ற அமைப்பின் வழியாக அந்த அறிவு ஊருக்குப் போனது. காரைநகரில் படகு கட்டும் தளம் எழுந்தது. அவர் காட்டிய வழியில்தான் பின்னால் இளைஞர்கள் இங்கே வரத் தொடங்கினார்கள். நோர்வேத் தமிழரின் கதையே தொழில் கற்க வந்த ஒருவரோடுதான் தொடங்குகிறது. மேடையில் அவரைப் புகழ்கிறோம். வீட்டுக்கு வந்து பிள்ளைக்கு "தொழில் படிக்காதே" என்கிறோம்.

என் பிழை

இதை எழுதுவதற்கு எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். எனக்குத் தகுதி இல்லை. எனக்கு ஒரு கடன் இருக்கிறது.

என் சித்தியின் மகன் பத்தாம் வகுப்பில் இருந்தபோது நான் பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம். அவனுக்கு ஐ.கே.டி. சேவை படிக்க ஆசை. சித்தி என்னிடம் கேட்டார். அன்றைக்கு நான் அவனை என் அறையில் இருத்தி ஒரு மணித்தியாலம் புத்தி சொன்னேன். "நீ கெட்டிக்காரன், ஏன் உன்னை நீயே சின்னனாக்கிறாய்? ஸ்டூடியெஸ்பெஸ் எடு, கணிதம் எடு, பௌதிகம் எடு, எல்லாக் கதவும் திறந்திருக்கும்." அவன் என்னை நம்பினான். நான்தானே குடும்பத்தின் எஞ்சினியர்.

முதலாம் ஆண்டு தட்டுத்தடுமாறி முடித்தான். இரண்டாம் ஆண்டு கணிதத்தில் விழுந்தான். பள்ளிக்குப் போகாமல் ரயிலில் ஒஸ்லோவுக்கும் லில்லெஸ்ட்ரோமுக்கும் இடையில் போய்வந்துகொண்டிருந்தான் என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரியவந்தது. பள்ளியை விட்டான். ஒரு களஞ்சியத்தில் பெட்டி தூக்கினான். நாலு வருடம் எந்தக் கொண்டாட்டத்துக்கும் வரவில்லை. "இப்ப என்ன செய்யிறாய்?" என்ற ஒரு கேள்விக்குப் பயந்து ஒரு பிள்ளை தன் சொந்தச் சனத்தை நாலு வருடம் ஒளித்துத் திரிந்தான்.

இப்போது அவன் ஒரு கொம்யூனின் ஐ.ரி. பிரிவில் வேலை செய்கிறான். வேலை செய்துகொண்டே பயிற்சி பெற்று, ஃபாக்பிரேவ் எடுத்துவிட்டான். நன்றாக இருக்கிறான். "எல்லாம் நல்லபடி முடிஞ்சுதே" என்று சித்தி சொல்கிறார். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. பதினாறு வயதில் அவன் சொன்ன இடத்துக்குத்தான் கடைசியில் வந்து சேர்ந்தான். இடையில் போன வருடங்களை நான்தான் எடுத்தேன். அவன் ஒருநாளும் என்னைக் குறை சொல்லவில்லை. அதுதான் கூடக் கஷ்டம்.

"பிறகு கம்பஸ் போகேலாதே?"

போகலாம். இதை எத்தனை முறை சொன்னாலும் நம் சனத்தின் காதில் ஏறுவதில்லை. ஆகவே ஒவ்வொன்றாக.

ஒன்று, போபிக்கிங். இரண்டாம் ஆண்டு முடிய அல்லது ஃபாக்பிரேவ் எடுத்தபின் ஒரு வருடம் பொதுப்பாடங்கள் படித்தால், பல்கலைக்கழகத்துக்கான பொதுத் தகுதி கிடைக்கும். ஃபாக்பிரேவ் எடுத்தவருக்கு இது உரிமை, சலுகை இல்லை. இரண்டு, பொறியியலுக்கான ஃபோர்குர்ஸ். ஃபாக்பிரேவோடு நேரே போகலாம். ஒரு வருடத்தில் கணிதமும் பௌதிகமும். மூன்று, இ-வையென். 2000-களின் தொடக்கத்தில் தெலெமார்க்கில் தொடங்கிய வழி அது. பொருத்தமான ஃபாக்பிரேவ் உள்ளவர்களைச் சில பொறியியல் இளமாணிப் படிப்புகள் நேரடியாகவே எடுக்கின்றன. நான்கு, ஃபாக்ஸ்கூலே. கம்பஸ் போகாமலே தொழிலில் மேலே போகும் உயர்கல்வி. இவற்றுக்கு மேல், 2024 ஆகஸ்ட் 1-ல் நடைமுறைக்கு வந்த புதிய கல்விச் சட்டம், மேல்நிலைக் கல்வியை முடிக்கும்வரை படிக்கும் உரிமையைத் தந்திருக்கிறது. பதினாறு வயதில் போடும் ஒரு புள்ளடி தலையெழுத்து இல்லை.

நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். உங்களுக்குக் கணிதம் உண்மையாகவே பிடிக்கும், ஐந்து வருடப் பொறியியல்தான் வேண்டும் என்று இப்போதே தெரியும் என்றால், ஸ்டூடியெஸ்பெஸ் எடுத்து மேல்நிலைக் கணிதம் இரண்டு ஆண்டும் பௌதிகமும் படிப்பதுதான் நேர்வழி. நான் அந்த வழியில் வந்தவன். அதைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை. என் சண்டை ஸ்டூடியெஸ்பெஸோடு இல்லை. என்ன செய்வதென்று தெரியாத பிள்ளைகளை எல்லாம் "பாதுகாப்பு" என்று சொல்லி அதற்குள் தள்ளுகிறோமே, அதோடுதான். பொதுத் தகுதியை மட்டும் கையில் வைத்திருக்கும் பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு ஒரு தொழிலும் தெரியாது. அதே வயதில் ஒரு லேர்லிங் ஒரு வருடம் சம்பளம் வாங்கியிருப்பான். பெரிய சம்பளம் இல்லை. வழக்கமாகத் தேர்ந்த தொழிலாளியின் சம்பளத்தில் முதல் அரையாண்டு 30 வீதம், பிறகு 40, 50, கடைசி அரையாண்டில் 80. ஆனால் அது அவனுடைய பணம். லோனகாசன் கடன் இல்லை.

உண்மையான ஓட்டை எங்கே இருக்கிறது

இந்தப் படிப்பில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. ஆனால் அது பெற்றோர் சொல்லும் ஓட்டை இல்லை.

இரண்டு வருடம் பள்ளியில் படித்தபின் லேர்லிங் இடத்தை நீங்களே தேட வேண்டும். எல்லோருக்கும் கிடைப்பதில்லை. மின்சாரத்தையும் கட்டட வேலையையும் விட இந்தத் துறையில் இடம் கிடைப்பது கடினம். ஐ.ரி. நிறுவனங்கள் பல இன்னும் இளமாணி, முதுமாணிகளையே தேடுகின்றன. இடம் கிடைக்காதவர்களுக்கு ஃபில்கெ மாற்று வழி காட்ட வேண்டும். பள்ளியிலேயே மூன்றாம் ஆண்டுப் பயிற்சி அதில் ஒன்று. தேர்வும் அதேதான். ஆனால் உண்மையான வாடிக்கையாளர் கோபத்தோடு தொலைபேசி எடுக்கும் ஒரு இடத்தில் நின்று பழகுவதற்கு அது ஈடாகாது.

இதற்கு மேல் எங்கள் பெயர். 2012-ல் மிட்பயன், ரொக்ஸ்டாட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஒரே தகுதியுள்ள இரண்டு விண்ணப்பங்களை, ஒன்றை நோர்வேப் பெயரிலும் மற்றதைப் பாகிஸ்தானியப் பெயரிலும் அனுப்பினார்கள். பாகிஸ்தானியப் பெயருக்கு நேர்முகத்துக்கு அழைப்பு வரும் வாய்ப்பு ஏறக்குறைய 25 வீதம் குறைவாக இருந்தது. அது வேலைக்கான விண்ணப்பம், பயிலுநர் இடம் இல்லை. ஆனாலும் பதினேழு வயதில், பதினாறு எழுத்துள்ள ஒரு தமிழ்ப் பெயரோடு இடம் தேடுவது என்றால் என்ன என்று அதிலிருந்து விளங்கும்.

ஆகவே இந்த வழியை எடுப்பவர்களுக்கு நான் "சும்மா போங்கோ, எல்லாம் சரிவரும்" என்று சொல்லமாட்டேன். வரவு முக்கியம். கூடுதலாக வராமல் விட்டால் அந்தப் பாடத்துக்குப் புள்ளியே கிடைக்காமல் போகலாம். அதைவிட, லேர்லிங் எடுக்கும் நிறுவனம் முதலில் பார்ப்பதே வராத நாட்களைத்தான். கேம் விளையாடப் பிடிக்கும் என்பதற்காக மட்டும் இதை எடுக்காதீர்கள். முதலாம் ஆண்டிலேயே, தொழில்சார் ஆழப்படுத்தலுக்காக வெளியே போகும் நாட்களை வீணாக்காதீர்கள். அந்த நாட்களில் உங்களைக் கண்டவர்தான் பிறகு உங்களுக்காக ஒரு சொல்லுச் சொல்வார். சொந்தமாக ஒன்றைக் கட்டி, அது பழுதானால் எப்படித் திருத்தினேன் என்று சொல்லக்கூடியதாக வைத்திருங்கள். அந்தப் பிள்ளையின் பழைய லாப்டொப் மாதிரி.

இனி எங்கள் பக்கம்

இப்போது என் வயதுக்காரருக்கு. ஒஸ்லோவிலும் லில்லெஸ்ட்ரோமிலும் ஐ.ரி.யில் வேலை செய்யும் தமிழர்கள் எத்தனை பேர் இருக்கிறோம் என்று ஒரு கலியாண வீட்டில் எண்ணிப் பாருங்கள். குழுத் தலைவர், பிரிவுத் தலைவர், சொந்த நிறுவனம் வைத்திருப்பவர் எல்லோரும் இருக்கிறோம். தைப்பொங்கல் மேடையில் "எங்கள் இளையோர்" என்று பேசுகிறோம்.

நம்மில் எத்தனை பேர் வேலைத்தளத்தில் "நாங்கள் ஏன் ஒரு லேர்லிங் எடுக்கக்கூடாது?" என்று கேட்டிருக்கிறோம்?

செய்வது மலை பிளக்கிற வேலை இல்லை. நிறுவனத்தைப் பயிற்சி நிறுவனமாக ஃபில்கெ அங்கீகரிக்க வேண்டும். உள்ளே துறை தெரிந்த ஒருவர் பொறுப்பெடுக்க வேண்டும். பத்திரவேலையைப் பார்க்கப் பயிற்சி அலுவலகங்கள் இருக்கின்றன. அரசு உதவித்தொகையும் தருகிறது. இரண்டு வருடத்தில் ஒரு வருடம் கற்பித்தல், ஒரு வருடம் அவர் உங்களுக்காக உழைப்பது என்பதுதான் கணக்கு. தெரிந்தவரின் பிள்ளைக்குப் பின்கதவால் வேலை கொடுக்கச் சொல்லவில்லை. ஒரு இடத்தை உருவாக்கச் சொல்கிறேன். அதற்கு எல்லாப் பிள்ளைகளும் விண்ணப்பிக்கட்டும், விண்ணப்பங்களைப் பெயரை மறைத்துப் படியுங்கள்.

லில்லெஸ்ட்ரோம் ரயில் நிலையத்திலிருந்து கொஞ்சத் தூரம்தான் ஷெல்லர். 1973-ல் அங்கேதான், நோர்சார் நிறுவனத்தில், இன்றைய இணையத்தின் மூதாதையான ஆர்பாநெட்டின் அமெரிக்காவுக்கு வெளியேயான முதல் இணைப்பு வந்தது. வரலாற்றுப் பக்கங்களில் ஆய்வாளர்களின் பெயர்கள் இருக்கின்றன. இருக்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு இணைப்பு அறிவிப்போடு முடிவதில்லை. ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவர் அதை உயிரோடு வைத்திருக்க வேண்டும். இன்றைக்கு உங்கள் அம்மம்மாவின் மருத்துவமனைப் பதிவு இரவு மூன்று மணிக்குத் திறக்கிறது என்றால், அந்த நேரம் முழித்திருந்து அதைப் பார்க்கும் ஒருவர் இருக்கிறார். அவருக்குப் படிக்க ஏலாது என்று சொல்ல எனக்கு வாய் வராது.

போன திங்கட்கிழமை நான் என் மேலாளரிடம் கேட்டேன். பன்னிரண்டு வருடம் வேலை செய்துவிட்டு இப்போதுதான் கேட்டிருக்கிறேன் என்பதை மறைக்கவில்லை. "யோசிப்போம்" என்றார். "யோசிப்போம்" என்றால் நோர்வேயில் பெரும்பாலும் இல்லை என்றுதான் அர்த்தம் என்று எனக்குத் தெரியும். ஆகவே அடுத்த திங்கட்கிழமையும் கேட்பேன்.

அந்த அன்ரிக்கு நேற்று ரெலிபோன் எடுத்தேன். மேலே எழுதியவற்றைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "சனம் என்ன சொல்லும், தம்பி" என்றார். "சனம் என்னிடம்தான் கேட்கும், அன்ரி, நான் பதில் சொல்லுறன்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "தகப்பனோட கதைச்சுப் பாக்கிறன்" என்று வைத்துவிட்டார்.

தங்கச்சி, நீங்கள் இதைப் படித்தால் ஒன்று செய்யுங்கள். இன்று இரவு அந்த லாப்டொப்பைக் கூடத்துக்குக் கொண்டு வந்து, அம்மாவையும் அப்பாவையும் இருத்தி, அதில் இருக்கும் வீட்டுப் படங்களைக் காட்டுங்கள். அது எப்படி ஓடுகிறது என்றும், பழுதானபோது என்ன செய்தீர்கள் என்றும் தமிழில் சொல்லுங்கள். தடுமாறினாலும் பரவாயில்லை. மார்ச் 1-க்கு இன்னும் நாள் இருக்கிறது.